தொப்பையைக் குறைக்கும் ஆபரேஷன்: கண் விழித்த பிறகு என்ன நடக்கும்?

ஆபரேஷன் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். சிலருக்கு நான்கு மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் நோயாளி மயக்கத்தில் இருப்பார். அவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நோயாளியின் வேலை கண் விழித்த பிறகுதான் ஆரம்பமாகிறது. அது ஆறு வாரம் நீடிக்கும். முழுவதும் குணமடைய ஓர் ஆண்டு கூட ஆகலாம்.

வயிற்றைச் சுருக்கிக்கொள்ளப் போகிறவர்களில் பலர் இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி யோசிப்பதே இல்லை. "நாலு நாள் லீவு போட்டால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. மாமியாரிடம் சொல்லாமல், தாய் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. நாலாவது நாள் இவர்களால் நிமிர்ந்து நிற்கவே முடியாது. கூன் விழுந்த பாட்டி போல முன்னால் வளைந்துதான் நடப்பார்கள். யாரிடம் மறைப்பது?

உள்ளே நடப்பது என்ன?

"டம்மி டக்" என்று இதற்குச் செல்லமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் "அப்டமினோபிளாஸ்டி" என்பார்கள். பெயர் செல்லமாக இருந்தாலும் ஆபரேஷன் சின்னது அல்ல.

வயிற்றின் நடுவே, மார்புக்கூட்டிலிருந்து அடிவயிறு வரை, இரண்டு பட்டைத் தசைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பெண் கர்ப்பமாக இருக்கும்போது, வளரும் குழந்தைக்கு இடம் விட்டு இவை விலகிக்கொள்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு ஓரளவு கூடிவிடும். சிலருக்குக் கூடுவதே இல்லை. இரண்டு மூன்று பிள்ளை பெற்ற பிறகு, மேல் தோலும் தளர்ந்து மடிந்து தொங்கும். பட்டினி கிடந்தால் கொழுப்பு குறையும். தொங்கும் தோல் குறையாது. மிகவும் பருத்திருந்து பிறகு இளைத்த ஆண்களுக்கும் இதே தொல்லை உண்டு. அவர்களும் இந்த ஆபரேஷனுக்கு வருகிறார்கள்.

டாக்டர் அடிவயிற்றில், ஓர் இடுப்பு எலும்பிலிருந்து மற்ற இடுப்பு எலும்பு வரை கத்தி வைக்கிறார். அங்கிருந்து தோலையும் கொழுப்பையும் தசையை விட்டுப் பிரித்து, விலா எலும்பு வரை மேலே தூக்குகிறார். விலகிப் போன தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுத்துவிட்டு மூடுகிறார். தொப்புள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் புதிதாக ஒரு துளை போட்டு, அதன் வழியே தொப்புளை வெளியே கொண்டு வந்து தைப்பார்கள்.

வெளியே தெரிவது அடிவயிற்றில் ஒரு நீண்ட கோடு. உள்ளேயோ, விலா எலும்பு முதல் அடிவயிறு வரை அவ்வளவு இடமும் புண். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் உபத்திரவங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கிவிடும்.

வயிற்றுத் தோலை வெட்டி எடுப்பது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஹோவர்டு கெல்லி என்ற டாக்டர் 1899-லேயே செய்திருக்கிறார். தழும்பை உள்ளாடைக்குள் மறையும்படி கீழே இறக்கிப் பேர் வாங்கியவர், பிரேசில் நாட்டு டாக்டர் ஐவோ பிட்டாங்கி. முன்னூறு பேருக்குச் செய்து பார்த்த விவரத்தை அவர் 1967-ல் வெளியிட்டார். பணக்காரர்களின் டாக்டர் என்று உலகம் அவரைச் சொன்னாலும், ரியோ டி ஜெனீரோவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கும் அவர் தனி வார்டு நடத்தினார். அவர் 2016-ல் காலமானார். கத்தி வைக்கும் முறை அன்றைக்கு இன்று எவ்வளவோ தேறிவிட்டது. ஆனால் வெட்டிய தோல் ஒட்டவும், தைத்த தசை கூடவும் உடம்பு எடுத்துக்கொள்ளும் நாட்களை எந்த டாக்டராலும் சுருக்க முடியவில்லை.

போவதற்கு முன்னால்

ஆறு வாரச் சிரமத்தில் பாதியை, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே குறைத்துவிடலாம்.

முதலாவது, புகை. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் நான்கு வாரத்துக்கு முன்பாவது அதை நிறுத்த வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பெண்களுக்கும், பொடி போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின், இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இழுத்துத் தைத்த தோலுக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவாகத்தான் வரும். அதுவும் நின்றால் தோல் கறுத்து அழுகிவிடும். இதை டாக்டரிடம் மறைப்பதால் டாக்டருக்கு நஷ்டம் இல்லை.

சர்க்கரை வியாதி கட்டுக்குள் இருக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உள்பட, டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்றவை இரத்தப் போக்கை அதிகமாக்கும். கர்ப்பத் தடை மாத்திரை இரத்தக் கட்டி உண்டாக இடம் கொடுக்கும். இன்னும் குழந்தை வேண்டும் என்கிறவர்கள் காத்திருப்பதே நல்லது. பிறகு கர்ப்பம் ஆனால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் தைத்த தசை மறுபடியும் விலகும், செலவழித்த பணம் வீண்.

இருதயத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் டோண்டா வெஸ்ட் என்ற பெண்மணி, கல்லூரி ஆங்கிலப் பேராசிரியை, பாடகர் கான்யே வெஸ்டின் தாயார். 2007 நவம்பரில், தமது 58-வது வயதில், வயிற்றைச் சுருக்குவது உள்பட அழகு ஆபரேஷன்கள் சிலவற்றை ஒன்றாகச் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் இறந்துபோனார். அவருக்கு இருதய இரத்தக் குழாய் நோய் இருந்தது பிறகு தெரியவந்தது. இதன் பிறகு, உடம்பைச் சோதித்து எழுத்து மூலம் மருத்துவ அனுமதி பெறாமல் அழகு ஆபரேஷன் செய்யக்கூடாது என்று கலிபோர்னியா மாகாணம் 2009-ல் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டத்துக்கு அந்த அம்மாளின் பெயரையே வைத்தார்கள்.

வீட்டையும் ஆயத்தம் செய்ய வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுக்கிறவர்கள் ஒரு கட்டிலுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். குந்தி உட்காரும் கக்கூஸ் சில வாரங்களுக்கு உதவாது. நாற்காலி போல உட்காரும் வசதி, அல்லது மேலே துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியாவது வேண்டும். அன்றாடம் எடுக்கும் பாத்திரங்கள் பரணிலும் இருக்கக்கூடாது, தரையிலும் இருக்கக்கூடாது. இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். முதல் நாலைந்து நாள் இரவும் பகலும் ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். இதற்கு ஆள் இல்லாதவர்கள் தேதியைத் தள்ளி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஈஸிசேர் படுக்கை

கண் விழித்ததும் தெரிவது, வயிற்றைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்கியது போன்ற உணர்ச்சி. நிமிர்ந்து நீட்டிப் படுக்க முடியாது. படுக்கவும் கூடாது. தலைப்பக்கம் உயரமாக, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து, ஈஸிசேரில் சாய்ந்திருப்பது போல வைத்திருப்பார்கள். தையலின் மேல் இழுப்பு விழாமல் இருப்பதற்காகத்தான் இது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இப்படியே படுக்க வேண்டும். சில வீடுகளில் தாத்தாவின் பழைய சாய்வு நாற்காலியைத் தூசி தட்டி எடுத்து, அதிலேயே இரவைக் கழிக்கிறார்கள். கட்டிலைவிட அது சௌகரியம் என்று சொல்கிறவர்கள் உண்டு.

அன்று மாலையோ மறுநாள் காலையோ, நர்சு வந்து எழுந்து நடக்கச் சொல்வார். பலருக்கு இது கொடுமையாகத் தோன்றும். "வயிற்றைக் கிழித்துத் தைத்துவிட்டு நடக்கச் சொல்கிறார்களே!" என்று கூட வந்தவர்கள் சண்டைக்குப் போவதும் உண்டு. நர்சு சொல்வதுதான் சரி. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

எழுந்திருக்கும்போது நேரே எழக்கூடாது. ஒரு பக்கமாக உருண்டு, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வயிற்றுத் தசைக்கு அப்போது வேலை இராது. நடக்கும்போது குனிந்தே நடக்கலாம். நிமிர வேண்டும் என்று வீம்பு பிடிக்கக்கூடாது. ஏழாவது நாளிலிருந்து பத்துப் பதினான்கு நாட்களுக்குள் உடம்பு தானே நிமிரும்.

ரப்பர் உருண்டை

தையலுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய குழாய்கள் வெளியே வந்திருக்கும். அவற்றின் முனையில் ஒரு ரப்பர் உருண்டை. பழைய ஆட்டோ ரிக்‌ஷா ஹாரனில் இருந்ததே, அதன் குட்டி போல. காற்றைப் பிதுக்கி மூடிவிட்டால், அது உள்ளே கசியும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். தோலுக்கும் தசைக்கும் நடுவே நீர் தேங்கினால் இரண்டும் ஒட்டாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சில டாக்டர்கள் குழாய் வைக்காமல், உள்ளேயே பல இடங்களில் தையல் போட்டுத் தோலைத் தசையோடு ஒட்ட வைத்துவிடுகிறார்கள்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை உருண்டையைத் திறந்து, அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொட வேண்டும். முதலில் சிவப்பாக வரும். பிறகு இளஞ்சிவப்பு. பிறகு வைக்கோல் நிறம். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுப்பது பெரும்பாலான டாக்டர்களின் வழக்கம். அதற்கு ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். எடுக்கும்போது ஒரு விநாடி சுரீர் என்று இருக்கும்.

உருண்டை திடீரென்று நல்ல இரத்தமாக நிறைந்து, வயிறு ஒரு பக்கம் இறுகி வீங்கினால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். இது பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

குழாயை எடுத்த பிறகும் சிலருக்கு நீர் கோத்துக்கொள்ளும். அடிவயிற்றில் தட்டினால், தண்ணீர்ப் பை போல அலை ஓடும். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வரும் தொல்லை இதுதான். டாக்டர் ஊசி போட்டு உறிஞ்சி எடுப்பார். அந்த இடம் மரத்திருப்பதால் பெரும்பாலோருக்கு வலி தெரியாது. மூன்று நான்கு முறை எடுக்க நேரலாம்.

வலி, இருமல், சிரிப்பு

வலி முதல் மூன்று நாள் கடுமை. ஒரு வாரத்தில் தணியும். தோலை வெட்டிய இடத்தைவிட, தசையைத் தைத்த இடம்தான் அதிகமாக வலிக்கும். இருமினாலும், தும்மினாலும், சிரித்தாலும் உயிர் போவது போல இருக்கும். ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி பாதியாகும். வேடிக்கை பேசும் உறவினர்களை ஒரு வாரத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம்!

வலி மாத்திரையைச் சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும். வலி முற்றட்டும் என்று காத்திருந்தால் பிறகு அடங்குவது சிரமம். அதே சமயம், ஜலதோஷ மாத்திரை, தலைவலி மாத்திரை என்று கடையில் தனியாக வாங்கிப் போடக்கூடாது. அவற்றிலும் பாராசிட்டமால் இருக்கும், அளவு மீறிவிடும்.

வலுவான வலி மாத்திரைகள் மலத்தைக் கட்டும். முக்கினால் தைத்த தசைக்குக் கேடு. ஆகவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கீரை, வாழைப்பழம், கொய்யா சாப்பிடலாம். மூன்று நாள் போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

நடக்காவிட்டால்...

இந்த ஆபரேஷனில் உயிருக்கு வரும் பெரிய ஆபத்து வயிற்றில் இல்லை. காலில் இருக்கிறது.

வயிற்றுத் தசையை இறுக்கித் தைத்ததும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கால்களிலிருந்து மேலே திரும்ப வேண்டிய இரத்தம் மெதுவாகிறது. அதோடு நோயாளி அசையாமல் படுத்திருந்தால், கெண்டைக்கால் சதைக்குள் ஓடும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு இருதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால், நிமிஷ நேரத்தில் உயிர் போகக்கூடும். இந்தக் காரணத்தால்தான் முதல் நாளே நடக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு இரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் போடுகிறார்கள். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து, வீட்டுக்குள்ளேயே நாலு சுற்று சுற்றி வரவேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால், கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினாலோ, மார்பு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, 108-க்குப் போன் செய்ய வேண்டும். "வாயுவாக இருக்கும், கொஞ்சம் ஓமத் தண்ணீர் குடி" என்று வீட்டில் வைத்தியம் பார்க்கிற நேரம் இது அல்ல.

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து சென்னை, கோவை போன்ற இடங்களில் செய்துகொள்கிறவர்கள் இதில் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தையல் போட்ட மூன்றாம் நாள் இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து போவதோ, விமானம் ஏறுவதோ கூடாது. டாக்டர் அனுமதிக்கும் வரை, குறைந்தது ஒன்றிரண்டு வாரமாவது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கும்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பத்தியம் உண்டா?

"பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், முட்டை, மீன் தொடாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். அது பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் பாலிலும்தான் இருக்கிறது. வெறும் ரசஞ்சாதத்தில் புண் சீக்கிரம் ஆறாது. குறைக்க வேண்டியது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவை உடம்பில் நீரைத் தேக்கி வீக்கத்தைக் கூட்டும்.

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி இறுக்கிக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். இங்கேயும் அது போல ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பெல்ட்டை அல்லது இறுக்கமான உடையை, குளிக்கும் நேரம் தவிர, ஏறக்குறைய ஆறு வாரம் போட்டிருக்க வேண்டும். நம் வெயிலில் இது பெரிய சோதனை. உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் போட்டுக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் ஒன்றைத் துவைத்து உலர்த்தலாம். மூச்சுத் திணறும்படி இறுக்கக்கூடாது. மடிப்பு விழுந்து தோலை அழுத்தவும் விடக்கூடாது.

"இதற்கா இவ்வளவு பணம்?"

இரண்டாவது வாரம் நோயாளி கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். வயிறு தட்டையாக இராது. உப்பி, கன்றி, நீலம் பாரித்து, கோணலாகக் கூட இருக்கும். தராசில் ஏறிப் பார்த்தால் எடை கூடியிருக்கும்! உடம்பில் தேங்கிய நீரின் எடை அது. இது எடை குறைக்கும் ஆபரேஷனே அல்ல. பலருக்கு வெட்டி எடுத்த தோலின் எடை ஒன்றிரண்டு கிலோதான்.

அப்போது அழுகை வரும். "நன்றாக இருந்த உடம்பைக் கெடுத்துக்கொண்டேனே" என்று தோன்றும். பிரசவமான தாய்க்கு ஒரு வாரத்தில் காரணம் இல்லாமல் கண் கலங்குவது போன்றது இது. மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, பிறர் கையை எதிர்பார்த்து இருப்பது எல்லாம் சேர்ந்து மனத்தைத் தளர்த்துகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. மற்ற ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் நோயோடு போகிறார்கள். இவரோ நோய் இல்லாமல் போய், நோயாளியாகத் திரும்பி வருகிறார். ஆகவே வீட்டில் இரக்கம் கிடைப்பது அரிது. "நீயாகத் தேடிக்கொண்டது தானே" என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லிவிடுவார்கள். கணவன்மார் கவனிக்க வேண்டிய இடம் இது. சண்டை போடுவதாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பு போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சோர்வு பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கும். நீங்காமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீக்கம் காலையில் குறைந்து மாலையில் கூடும். மூன்று மாதத்தில் பெரும் பகுதி வடியும். அதற்கு முன்பு புது ரவிக்கைக்கோ, கால்சட்டைக்கோ தையற்காரரிடம் அளவு கொடுப்பது வீண்.

குடமும் குழந்தையும்

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் போகலாம். நின்று, குனிந்து, தூக்கிச் செய்யும் வேலையானால் ஆறு வாரம் வேண்டும். ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பது பொது விதி. நிறைந்த தண்ணீர்க் குடம் 15 கிலோ வரும். காஸ் சிலிண்டர், உள்ளே இருக்கும் 14.2 கிலோவும் இரும்பும் சேர்ந்து, 30 கிலோவுக்கு நெருங்கும். இவற்றைப் பிறரிடம் விட்டுவிடலாம். வாசலில் குனிந்து கோலம் போடுவதையும் விட்டுவிடலாம்.

விட முடியாதது குழந்தை. இரண்டு வயதுக் குழந்தை 11, 12 கிலோ இருக்கும். "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் தாய்மார்கள் தவறுகிறார்கள். ஒரு தடவை தூக்கினால் என்ன என்று தூக்கிவிடுகிறார்கள். உள்ளே தையல் அறுந்தால் அப்போது தெரியாது. பிறகு வயிறு அந்த இடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். குழந்தையைத் தூக்க வேண்டாம். தாய் உட்கார்ந்துகொண்டு, வேறு ஒருவர் குழந்தையை எடுத்து, பக்கத்தில் உட்கார வைக்கலாம். மடியில் குதிக்காமல் இருக்க நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் அனுமதித்த பிறகு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். தொட்டி, ஆறு, கடல் குளியல் புண் முழுவதும் மூடிய பிறகுதான். கார் ஓட்டுவதற்கு, வலுவான வலி மாத்திரையை நிறுத்தி, பிரேக்கை ஓங்கி மிதிக்கும் பலம் வரவேண்டும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேகத்தடையில் குலுங்குவது இன்னும் மோசம். அது கடைசியாக இருக்கட்டும். தாம்பத்திய உறவுக்கும் நாலிலிருந்து ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

இதற்கு நடுவில் காய்ச்சல் 101 டிகிரியை எட்டினாலோ, தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றமோ சீழோ கண்டாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். தையல் கோட்டின் நடுப்பகுதியைத் தினமும் பார்க்க வேண்டும். இழுப்பு அங்கேதான் அதிகம், இரத்தம் வருவதும் அங்கேதான் குறைவு. கறுத்தால் அங்கேதான் முதலில் கறுக்கும்.

தழும்பு

தழும்பு மறையாது. முதல் சில மாதங்கள் முன்பைவிடச் சிவந்து தடித்துக்கூடத் தெரியும். நம்மவர்களின் மாநிறத் தோலில் அது கறுத்து நிற்பதும் உண்டு. ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் தணிந்து, மங்கி, மெல்லிய கோடாகும். காது குத்திய இடத்திலும் அம்மை ஊசி போட்ட இடத்திலும் கட்டியாகத் தடிக்கும் உடம்புவாகு உள்ளவர்கள், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். புண் ஆறிய பிறகு ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் பட்டைகள் சிலருக்கு உதவுகின்றன.

பலருக்கு யாரும் முன்னால் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. தொப்புளுக்குக் கீழே வயிறு மரத்துப் போயிருக்கும். தோலைப் பிரித்தபோது சிறு நரம்புகள் அறுபட்டதால் இப்படி. சில மாதங்களில் எறும்பு ஊர்வது போலவும், சுருக்கென்று குத்துவது போலவும் உணர்ச்சி திரும்பும். நரம்பு வளர்கிறது என்பதற்கு அது அடையாளம். சிலருக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் நிரந்தரமாகவே மரத்துவிடும்.

மரத்த இடத்தில் வலி தெரியாது, சூடும் தெரியாது. வயிற்று வலிக்கு வழக்கம் போல வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கிப் போய், கொப்புளம் வந்த பிறகே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஐஸ் கட்டியும் அப்படியே. பாவாடை நாடா அழுத்துவது கூடத் தெரியாது. இரவில் அவிழ்க்கும்போதுதான், தழும்புக்கு மேலே தோல் சிவந்து வரி வரியாகப் பதிந்திருப்பது கண்ணில் படும். நாடாவை எடுத்துவிட்டு, அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.